கூட இருக்கறவங்களுக்கே தெரியாத மனசு, கடவுளுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?

பிலோமினா_திருச்சி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பங்குல பெண்கள் குழுவுல அன்னை தெரசாவோட கடிதங்களை எடுத்துப் படிச்சிட்டிருக்கோம், அவங்க இறந்து 10 வருஷம் கழிச்சு 2007ல வெளிவந்துச்சே, அதுதான். படிக்கப் படிக்க எனக்கு ஒரு கேள்வி விடாம ஓடிட்டிருக்கு, இங்க பல மாதிரி ஆட்கள் இருக்கீங்க, பேசலாமேன்னுதான் இந்த இழை.

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். 1946 செப்டம்பர் 10ஆம் தேதி டார்ஜிலிங் போற ரயில்ல, ஏழைங்க நடுவுல போய் இருன்னு ஆண்டவர் கூப்பிடறதா உணர்ந்தாங்க. 1948ல அதுவரை கன்னியாஸ்திரியா இருந்த லொரேட்டோ மடத்தை விட்டு வெளிய வந்தாங்க, 1950ல கல்கத்தாவுல சொந்த சபை ஆரம்பிச்சாங்க. அந்த வேலை ஆரம்பிச்ச சமயத்துலேயே கடவுள் கூட இருக்கார்ங்கற உணர்வு அவங்களை விட்டுப் போயிடுச்சு. 1958ல ஒரு சில வாரம் தவிர அது திரும்பி வந்த மாதிரியே கடிதங்கள்ல தெரியல. அதாவது கிட்டத்தட்ட 50 வருஷம். ஒரே கூரைக்குக் கீழ படுத்து எழுந்து, ஒண்ணா ஜெபமாலை சொல்லி, ஒண்ணா சாப்பிட்ட சிஸ்டர்ஸுக்கு இது தெரியாது. கல்கத்தா பேராயர் பெரியே, ஃபாதர் வான் எக்ஸம், பின்னாடி கர்தினால் ஆன ஃபாதர் பிகாச்சி, ஃபாதர் நாய்னர்னு விரல் விட்டு எண்ணக்கூடிய ஆளுங்களுக்குத்தான் தெரியும், அதுவும் அவங்களா எழுதினதால. தன் சிரிப்பு ஒரு பெரிய போர்வை, அதுக்குக் கீழ வலி நிறைய மறைஞ்சிருக்குங்கற அர்த்தத்துல அவங்களே எழுதியிருக்காங்க.

1979 டிசம்பர்ல ஆஸ்லோவுல நோபல் பரிசு வாங்கினப்ப உலகத்துக்கே அந்த முகம் தெரியும். அதே வருஷம் செப்டம்பர்ல ஒரு குருவுக்கு எழுதின கடிதத்துல, பார்க்கறேன் ஒண்ணும் தெரியல, கேக்கறேன் ஒண்ணும் கேக்கலன்னு இருக்கு.

என் கேள்வி இதுதான். ஒருத்தரை நமக்குத் தெரியும்னு எந்த தைரியத்துல சொல்றோம்? நம்மளை முழுசா அறிஞ்சவர் மேல இருக்கார்னு நம்பறவங்களுக்கு அது மட்டும் போதுமா, இல்ல பக்கத்துல இருக்கற மனுஷங்களுக்கும் நாம தெரியணுமா?

ஜெபராஜ்_பாளை:

அக்கா நல்ல இழை. என்னைக் கேட்டா போதும்னுதான் சொல்லுவேன். "கர்த்தாவே, நீர் என்னை ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்"னு தாவீது 139ஆம் சங்கீதத்தை ஆரம்பிக்காரு. உக்கார்றது தெரியும், எந்திரிக்கது தெரியும், நாவுல சொல்லு பிறக்குறதுக்கு முன்னாலயே தெரியும். இப்படி ஒருத்தர் இருக்கையில மனுஷன் நம்மள புரிஞ்சுக்கிடல, சொந்தக்காரங்க தப்பா பேசுறாங்கன்னு நாம ஏன் ஒடஞ்சு போகணும்? எங்க ஊர்ல எத்தனையோ பேர், பொம்பளைங்கதான் அதிகம், வீட்டுல ஒரு ஆள் கிட்ட கூட வாய் தொறக்க முடியாம ராத்திரி முழங்கால்ல நின்னு கர்த்தர்கிட்ட மட்டும் சொல்லி அழுது அதுலயே அம்பது அறுபது வருஷம் தெம்பா வாழ்ந்துட்டு போயிருக்காங்க, அது ஒண்ணும் சின்ன விஷயம் இல்ல. மனுஷன்கிட்ட சொன்னா அடுத்த நாள் தெரு முழுக்க தெரியும். கர்த்தர்கிட்ட சொன்னது வெளிய போகாது.

கேள்விகள்_ஆயிரம்:

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனா மரியாதையோடதான் எழுதறேன். ரெண்டு விஷயம் இடிக்குது.

சின்ன வயசுல தப்பு பண்ணா "சாமி கண்ணைக் குத்தும்"னு சொல்லி வளர்த்தாங்க. எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கற ஒருத்தர், நெனைக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருக்கற ஒருத்தர், இது உங்களுக்கு ஆறுதலா இருக்கு, எனக்கு மூச்சு முட்டுது. ஒரு மனுஷனுக்குத் தனக்குன்னு ஒரு மூலை வேண்டாமா?

ரெண்டாவது, தெரசா விஷயத்துல நேரடியான பதில் ஒண்ணு இருக்கே, அதை யாரும் தொடலையே. அம்பது வருஷம் கூப்பிட்டும் பதில் வரலைன்னா அங்க யாரும் இல்லைன்னு அர்த்தமா இருக்கலாம். அவங்க நேர்மையானவங்க, உள்ள இருந்ததை அப்படியே எழுதியிருக்காங்க. அந்த நேர்மையை நான் மதிக்கறேன். அதை "கடவுளால அறியப்பட்டவர்"ங்கறதுக்கு உதாரணமா எப்படி எடுக்கறீங்கன்னுதான் புரியல.

பிலோமினா_திருச்சி:

கேள்விகள், நீங்க சொன்ன அந்த மூச்சு முட்டல் அந்தப் பாட்டுக்குள்ளயே இருக்குங்க. ஜெபராஜ் தம்பி ஆரம்பத்தைச் சொன்னாரு, ஏழாவது வசனத்துக்கு வாங்க, உம்முடைய சமுகத்தை விட்டு எங்க ஓடுவேன்னு கேக்கறார். வானத்துக்கு ஏறினா, பாதாளத்துல படுக்கை போட்டா, கடல் கடைசிக்குப் பறந்தா, இருட்டுக்குள்ள ஒளிஞ்சானு வழி தேடிப் பார்க்கறார். எல்லாம் தெரிஞ்சவர் முன்னாடி முதல்ல வர்றது ஓட்டம்தான். ஆனா முடிவுல அவரே "என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்"னு கேக்கறார். ஏற்கெனவே அறிஞ்சிருக்கீர்னு ஆரம்பிச்சவர் எதுக்கு மறுபடி அறிஞ்சுக்கோன்னு கேக்கணும்? கதவைத் தானே திறந்து விடறார். ஓடிட்டிருந்தவர் திரும்பி நிக்கறார். நீங்க சொல்ற அந்தத் தனி மூலையை யாரும் புடுங்கல, அவரா கூட்டிட்டுப் போறார்.

ரெண்டாவது கேள்விக்கு என்கிட்ட ஒத்த வரியில பதில் இல்ல. ஃபாதர் நாய்னர் பத்தி எழுதணும், கொஞ்சம் நேரம் கொடுங்க.

நின்றவூர்_குமரன்:

நான் சைவன், ஆனா இந்த இழை எங்க ஊர்க் கதையைத்தான் பேசற மாதிரி இருக்கு. திருநின்றவூர் பூசலார் நாயனார். பெரிய புராணத்துல வர்றவர். சிவனுக்குக் கோயில் கட்டணும்னு ஆசை, பணத்துக்கு எங்கெங்கயோ அலைஞ்சும் கிடைக்கல. சரின்னு மனசுக்குள்ளயே கட்ட ஆரம்பிச்சார். சும்மா ஒரு நிமிஷம் நெனைச்சுட்டு முடிக்கல, மனசுலேயே பொருள் சேர்த்து, தச்சர்களைக் கூட்டி, நல்ல நாள் பார்த்து, ராத்திரியும் தூங்காம, கல் மேல கல்லா வெச்சு, கிணறு வெட்டி, மதில் எழுப்பி, குளம் தோண்டி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறிச்சாச்சு. ஊர்ல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது.

அதே நாள்ல காஞ்சியில பல்லவ ராஜா காடவர்கோன் தான் கட்டின கற்றளிக்கு, அதாவது கல் கோயிலுக்கு, கும்பாபிஷேகம் வெச்சிருக்கான். சிவன் கனவுல வந்து, நாளைக்கு நான் நின்றவூர்ல பூசல் கட்டின கோயிலுக்குப் போறேன், நீ வேற நாள் பாருன்னார். ராஜா விழுந்தடிச்சு வந்து பூசலார் கட்டின கோயில் எங்கன்னு கேக்கறான். ஊர்க்காரங்க, அப்படி ஒரு கோயிலே இங்க இல்லையேன்னு சொல்றாங்க.

நான் இந்தக் கதையை எங்க பாட்டி சொல்லிக் கேட்டப்பல்லாம் சாமிக்குத் தெரிஞ்சுதுங்கறதுதான் பெருசா தெரிஞ்சது. இப்ப யோசிச்சா எனக்கு அந்த ஊர்க்காரங்கதான் மனசுல நிக்கறாங்க. அத்தனை நாள் ஒரு மனுஷன் தூங்காம உக்காந்திருக்கார். என்னய்யா பண்றேன்னு யாராச்சும் போய்க் கேட்டிருந்தா அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ. ராஜா வந்து கேட்டப்ப சொல்லிட்டாரே! மறைக்கணும்னு அவருக்கு எந்த விரதமும் இல்ல.

குறள்_பிரியன்:

அருமை குமரன். ஆனா கேட்டுத்தான் தெரியணும்னு இல்லையே, "அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்"னு வள்ளுவர் சொல்லிட்டாரே. உத்துப் பாக்கத் தெரிஞ்சவனுக்கு முகமே போதும். தெரசா பக்கத்துல இருந்தவங்க சரியா பாக்கலையோன்னுதான் எனக்குத் தோணுது.

மாலதி_நர்ஸ்:

குறள்பிரியன் சார், நான் முப்பது வருஷத்துக்கு மேல வார்டுல இருந்துட்டு இப்ப ரிட்டயர் ஆனவ, கடைசி வருஷங்கள் முழுக்க இனிமே குணமாகாதுன்னு வர்ற கேன்சர் பேஷன்ட்ஸ் இருக்கற வார்டு. முகம் காட்டும், இல்லைன்னு சொல்லல, வலிக்குதா பயமா இருக்கான்னு காட்டும். ஆனா எதுக்குப் பயம்னு காட்டாது. ஒருத்தர் சாவுக்குப் பயப்படறார்னு நாம நெனைப்போம், அவர் பேங்க்ல நகை அடகு வெச்சது பொண்டாட்டிக்குத் தெரியாதேன்னு பயந்துட்டிருப்பார். ரெண்டுக்கும் முகம் ஒண்ணுதான்.

அப்புறம் நான் பாத்ததுலேயே அடிக்கடி நடக்கறது ஒண்ணு சொல்றேன். வீட்டுக்காரங்க வெளிய கூட்டிட்டுப் போய் "சிஸ்டர், அவருக்குக் கேன்சர்னு தெரியாது, தயவு செஞ்சு சொல்லிடாதீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிடுவாங்க. உள்ள வந்தா பேஷன்ட் மெதுவா, "சிஸ்டர், எனக்கு எல்லாம் தெரியும், என் சம்சாரம் தாங்க மாட்டா, எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க"ன்னுவார். ரெண்டு பேரும் நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினவங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் உசிரா இருக்கறவங்க. அந்தப் பாசத்துனாலேயே ரெண்டு பேரும் தனித்தனியா கிடப்பாங்க, கடைசி நாள் வரைக்கும் ஆர்லிக்ஸ் குடிங்க, வேணாம்னு அதே பேச்சு. யாராவது ஒருத்தர் உடைச்சுப் பேசிட்டா, அழுவாங்க, ஒரு ராத்திரி முழுக்க அழுவாங்க, ஆனா அதுக்கப்புறம் அந்தக் கட்டில் பக்கத்துல நிலைமையே மாறிடும், கணக்கு வழக்கு பேசுவாங்க, புள்ளைங்க கல்யாணம் பேசுவாங்க, பழைய சண்டை எல்லாம் பேசுவாங்க, சில பேர் சிரிக்கக் கூட செய்வாங்க. அதனால ஜெபராஜ் தம்பி, கடவுள்கிட்ட சொல்றது பெருசுதான், நானும் வேளாங்கண்ணி மாதாகிட்ட சொல்லாத நாள் கிடையாது. ஆனா கடவுளுக்குத் தெரியும்ங்கறதை வெச்சு பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கதவை மூடிடக் கூடாதுன்னு நான் கண்ணால பாத்து சொல்றேன்.

சாந்தி_மதுரை:

நான் வேற ஒண்ணு சொல்லணும், கொஞ்சம் கோவமாத்தான் சொல்றேன். தெரசா அந்தக் கடிதங்களை அழிச்சிடுங்கன்னு கேட்டாங்கதானே? கேட்டும் வெச்சிருந்து அச்சுல போட்டாங்க. இன்னைக்கு நாம எல்லாரும் அதைப் படிச்சிட்டு அவங்க மனசைப் பத்தி உக்காந்து பேசறோம். இதுக்கு ஒருத்தரை அறிஞ்சுக்கறதுன்னா பேரு? அவங்க கையால கொடுக்காததை நாம எடுத்துக்கிட்டோம். என் டைரியை என் வீட்டுல ஒருத்தர் எடுத்துப் படிச்சாங்க ஒரு காலத்துல, என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுக்கிட்டாங்க, ஆனா அன்னைக்குத் தொட்டு அவங்களுக்கும் எனக்கும் நடுவுல எதுவும் ஒட்டல. தகவல் தெரியறது வேற. ஒருத்தர் நம்பி நம்மகிட்ட தன்னைக் கொடுக்கறது வேற.

பிலோமினா_திருச்சி:

சாந்தி, நீங்க சொல்றது நியாயம், எங்க குழுவுலயும் ஒரு அக்கா இதையே கேட்டாங்க. ஆமா, அழிக்கச் சொல்லிக் கேட்டாங்க, பேராயர்கிட்டயே கேட்டிருக்காங்க. அவங்க சொன்ன காரணம், இதெல்லாம் வெளிய தெரிஞ்சா ஜனங்க என்னைப் பத்தி அதிகமாவும் இயேசுவைப் பத்திக் குறைச்சலாவும் நெனைப்பாங்கங்கறது. வெட்கப்பட்டு மறைச்ச மாதிரி அதுல தெரியல. பெரியவங்க அதைக் காப்பாத்தி வெச்சாங்க, அப்புறம் புனிதர் பட்டத்துக்கான விசாரணைன்னு வந்தா அவங்க எழுதின அத்தனையையும் ஆராயணும், அப்படித்தான் வெளிய வந்துச்சு. 2003ல அருளாளர், அது புனிதருக்கு முந்தின படி, 2016ல புனிதர். வெளியிட்டது சரியா தப்பான்னு எனக்கு இன்னமும் ரெண்டு மனசுதான். ஆனா உங்க டைரி விஷயத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் பாக்கறேன், இந்தக் கடிதங்களை அவங்க எழுதினதே ஒருத்தர் படிக்கணும்னுதான். குறிப்பிட்ட ஒரு ஆளு படிக்கணும்னு.

இப்ப அந்த ஆளுக்கு வர்றேன். ஃபாதர் ஜோசப் நாய்னர், ஆஸ்திரியாவுல பிறந்த ஜேசு சபைக் குரு, புனேயில பல வருஷம் இறையியல் சொல்லிக் கொடுத்தவர். 1961ல சிஸ்டர்ஸுக்குத் தியானம் கொடுக்க வந்தார். அப்ப தெரசா தன் நிலைமையை அவர்கிட்ட சொன்னாங்க, எழுதியும் கொடுத்தாங்க. அவர் சொன்ன பதிலை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன். இதுக்கு மனுஷ வைத்தியம் எதுவும் இல்ல, அதனால நீங்க ஏதோ தப்பு பண்ணிட்டீங்கன்னு உங்களைக் குடையாதீங்க. உணர்வுல தெரியறது மட்டுமே கடவுள் இருக்கார்ங்கறதுக்கு அடையாளம் இல்ல. இவ்வளவு வருஷமா அவருக்காக ஏங்கறீங்களே, அந்த ஏக்கமே அவர் உள்ள மறைஞ்சு இருக்கார்ங்கறதுக்கு அடையாளம். இந்த இருட்டு உங்க வேலையோட உள் பக்கம், தெருவுல யாரும் வேண்டாம்னு விட்ட ஜனங்க அனுபவிக்கறதை நீங்களும் உள்ள அனுபவிக்கறீங்க.

அதுக்கு அப்புறம் அவங்க நாய்னருக்கு எழுதினாங்க, இந்த 11 வருஷத்துல முதல் தடவையா இந்த இருட்டை நேசிக்க ஆரம்பிச்சிருக்கேன்னு. இருட்டு போகல. கடைசி வரைக்கும் போகல. ஆனா அதுக்குள்ள அவங்க நின்ன விதம் மாறிடுச்சு. இத்தனைக்கும் ஜெபத்துல அவங்க கடவுள்கிட்ட சொல்லாததா? தினம் விடியக்காலை எழுந்து மணிக்கணக்கா நற்கருணை முன்னாடி இருந்தவங்க. கடவுளுக்கு எல்லாம் தெரியும்னு நம்பினவங்க. அவங்களுக்கே, நீங்க அறியப்பட்டிருக்கீங்கன்னு சொல்ல ஒரு மனுஷன் வாய் தேவைப்பட்டிருக்கு. நான் இந்த இழை ஆரம்பிச்சப்ப மனசுல இருந்தது இதுதான், ஒழுங்கா சொல்லத் தெரியாம கேள்வியா போட்டேன்.

கேள்விகள்_ஆயிரம்:

நல்லா எழுதினீங்க. நாய்னர் சொன்ன வேலையோட உள் பக்கம்ங்கறது என்னைத் தொட்டுச்சு. ஆனா நான் இதை இப்படிப் படிக்கறேன், ஒரு மனுஷன் பொறுமையா கேட்டார், பயமுறுத்தாம பதில் சொன்னார், அவங்களுக்குத் தெம்பு வந்துச்சு. இதுல மேல ஒருத்தர் தேவையே இல்ல. ஏக்கம் இருக்குங்கறதால ஏங்கப்படறவர் இருக்கார்னு ஆகாதே.

பிலோமினா_திருச்சி:

நிரூபிக்க என்னால முடியாது, உங்களைச் சம்மதிக்க வைக்கணும்னும் இல்ல. நாய்னர் அவங்களைத் தன்கிட்ட நிறுத்திக்கல, கடவுள் பக்கமே திருப்பி விட்டார், அவங்களும் திரும்பினாங்க, அதுக்கப்புறம் 36 வருஷம் அந்த வேலையை விடல. நான் நம்பறதுக்கு அது ஒரு காரணம். நீங்க வேற மாதிரி படிக்கறீங்க, சரி.

எஸ்தர்_அம்பத்தூர்:

ரொம்ப நேரமா படிச்சிட்டு மட்டும் இருந்தேன். ஜெபராஜ் பிரதர் சங்கீதம் சொன்னதால ஒண்ணு சேர்க்கறேன். ஆதியாகமம் 16ல ஆகார். எகிப்து தேசத்து அடிமைப் பொண்ணு, கர்ப்பமா இருக்கா, எஜமானி சாராய், ஆபிராமோட மனைவி, அவ கொடுமை தாங்காம வனாந்தரத்துக்கு ஓடி வந்துட்டா. அந்த அதிகாரத்துல சாராய் பேசும்போதும் சரி, ஆபிராம் பேசும்போதும் சரி, "என் அடிமைப்பெண்", "உன் அடிமைப்பெண்" இவ்வளவுதான், ஒரு தடவை கூட அவ பேரை வாயில எடுக்க மாட்டாங்க. வருஷக்கணக்கா ஒரே கூடாரத்துல! முதல் தடவையா பேர் சொல்லிக் கூப்பிடறது அந்த நீரூற்றுகிட்ட வந்த கர்த்தருடைய தூதன்தான். கூப்பிட்டு என்ன சொல்றார்? "எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?"

அவருக்குத் தெரியாதா? பேர் தெரிஞ்சிருக்கு, எஜமானி பேர் தெரிஞ்சிருக்கு, வயித்துல இருக்கறது ஆண் குழந்தைன்னு தெரிஞ்சிருக்கு. எல்லாம் தெரிஞ்சும் கேக்கறார், அவ வாயால சொல்ல வைக்கறார். அவ சொன்னதுக்கு அப்புறம்தான் "நீர் என்னைக் காண்கிற தேவன்"னு பேர் வெக்கறா. ஏதேன்ல ஆதாமையும் எங்கே இருக்கிறாய்னு கேட்டவர்தானே. எல்லாம் தெரிஞ்சவர் கேக்கறார், ஒண்ணும் தெரியாத நாம கேக்கறதில்ல, "எங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா, என் புள்ளையை எனக்குத் தெரியாதா"ன்னு முடிச்சிடறோம். எனக்கு இதை நெனைச்சா வருத்தமா இருக்கு.

கேள்விகள்_ஆயிரம்:

ஆனா அதே தூதன் அவளைத் திரும்பிப் போய் சாராய்க்கு அடங்கியிருன்னும் சொல்றானே? அதையும் சேர்த்துத்தான பேசணும்.

எஸ்தர்_அம்பத்தூர்:

ஆமாங்க, சொல்றார். அந்த வசனம் எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, அதை மெழுகிப் பேச நான் விரும்பல. அவ சந்ததியைப் பெருகப் பண்றதா வாக்கும் அதே இடத்துல இருக்கு. ரெண்டையும் வெச்சுக்கிட்டுத்தான் படிக்கறேன்.

ஜெபராஜ்_பாளை:

எஸ்தர் சிஸ்டர், ஆகார் பேர் விஷயம் நான் இதுவரைக்கும் கவனிச்சதே இல்ல. யோவான் 4ல சமாரியா பொம்பளையும் இப்படித்தான, ஆள் இல்லாத மத்தியான நேரத்துல கிணத்துக்கு வந்தவ, இயேசு அவளோட அஞ்சு புருஷன் விஷயத்தைச் சொன்ன உடனே குடத்தை அங்கனயே போட்டுட்டு ஊருக்குள்ள ஓடுதா, "நான் செய்த எல்லாவற்றையும்" எனக்குச் சொன்னார், வந்து பாருங்கன்னு அதே ஜனங்ககிட்ட போய் நிக்கா. கர்த்தருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னு அவ கிணத்தடியிலயே இருந்திருக்கலாம். மாலதிம்மா சொன்னது இதோட சேருது. ஆனாலும் வீட்டுல வாய் தொறக்க வழியே இல்லாதவங்களுக்கு முழங்கால்தான் கதி, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தினேஷ்_ஓசூர்:

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசறீங்க, நான் நேரடியா ஒண்ணு கேக்கறேன். எங்கப்பா அம்மா போனதுக்கு அப்புறம் தனியா ஊர்ல இருக்கார். போன் பண்ணா சாப்டியா, மழை பெய்யுதா, பைக் சர்வீஸ் விட்டியா, அவ்ளோதான். நல்லா இருக்கேன்ம்பார். அவர் உள்ள என்ன இருக்குன்னு எனக்கு சுத்தமா தெரியாதுன்னு இந்த இழையைப் படிச்சப்பதான் உறைக்குது. எப்படிக் கேக்கறது? "அப்பா உங்க மனசுல என்ன இருக்கு"ன்னு கேட்டா பயந்துடுவார்.

மாலதி_நர்ஸ்:

தினேஷ், அப்படிக் கேக்காதப்பா, எந்த ஆம்பளையும் பதில் சொல்ல மாட்டான். போன்ல வேண்டாம், நேர்ல போ. எதிர்ல உக்காந்து முகத்தைப் பாத்துக் கேக்காம பக்கத்துல உக்காரு, இல்ல அவர் கூட ஏதாவது வேலை செய், தேங்காய் உரிக்கறது, மோட்டார் பாக்கறது, எதுவோ. கை வேலையில இருக்கறப்ப ஆம்பளைங்க பேசுவாங்க. வார்டுல நாங்க நின்னுக்கிட்டு கேக்கவே மாட்டோம், ஸ்டூல் இழுத்துப் போட்டு உக்காந்துடுவோம், அவசரமா போகப் போறவகிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க. "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா "நல்லா இருக்கேன்"தான் வரும். நாங்க "ராத்திரி தூக்கம் வரலைன்னா என்ன நெனைச்சுட்டு இருப்பீங்க"ன்னு கேப்போம். உங்கப்பாகிட்ட அம்மா பேரைச் சொல்லி ஆரம்பி, ஊர்ல எல்லாரும் அந்தப் பேச்சை எடுக்காம தவிர்த்துட்டு இருப்பாங்க, அவருக்கு அதைப் பேச ஆளே இருந்திருக்காது. முதல்ல "ஒண்ணுமில்லப்பா"ன்னுவார். அப்ப எழுந்து போயிடாத, டிவியைப் போடாத, போனை எடுக்காத. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை கேளு. அழுதார்னா அழாதீங்கப்பான்னு சொல்லாத.

தினேஷ்_ஓசூர்:

சரிங்கம்மா. ஞாயித்துக்கிழமை போறேன்.

பிலோமினா_திருச்சி:

போயிட்டு வாங்க தம்பி, இங்க வந்து சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, அது உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவுல. குமரன், நீங்க சொன்ன பூசலார் கதையை எங்க குழுவுல வர்ற செவ்வாய் சொல்லலாம்னு இருக்கேன், அந்த ஊர்க்காரங்களைப் பத்தி நீங்க கேட்ட கேள்வியோட சேர்த்து.